தொழில் முடங்கிய வீட்டில் ஆட்டிசப் பிள்ளை: மார்க்கம் காட்டும் வழி

அல்லாஹுத்தஆலா நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதங்களில் மக்கட்செல்வம் முதன்மையானது. பேசிச் சிரித்து நம்மை மகிழ்விக்கும் பிள்ளை மட்டும்தான் அமானிதம் என்று மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளையும், காரணம் தெரியாமல் அலறும் பிள்ளையும், ஒரே சொல்லை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் சொல்லும் பிள்ளையும் அதே அமானிதம்தான். வீட்டில் வருவாய் இருக்கும்போது இந்த அமானிதத்தைப் பேணுவது ஒரு நிலை. தொழில் நின்று, நாளை அடுப்பெரியுமா என்ற கவலை வந்தபிறகு பேணுவது வேறொரு நிலை. இந்த இரண்டாவது நிலையில் இருக்கும் இல்லங்கள் எப்படி நடந்துகொள்வது, அவர்களிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வது என்பதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

தொழில் முடங்கும் காலம்

பேச்சுக்கு ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு இருக்கிறது. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி அங்கேதான். அதன் கரையிலுள்ள தோணிரேவு, ஜமீலாபாத், கோட்டைக்குப்பம் போன்ற கிராமங்களுக்கு ஏரியும் கடலுமே சோறு போடுகின்றன. 'ரேவு' என்றால் தோணி வந்தணையும் துறை. தோணி வராவிட்டால் அந்தத் துறைக்கு வாழ்வு ஏது?

தோணி வராமற்போவதற்குக் காரணங்கள் பல. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கடல்நீர் உள்ளே வருவது குறைகிறது. அதனோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வருவது குறைகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கு அந்நாட்களில் வேலை இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் அப்பக்கத்துக் கடலில் இறங்கக்கூடாது. 2020 மார்ச்சு 25 அன்று தொடங்கிய ஊரடங்கில் கரையோரம் முழுதும் தொழில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையும் வெள்ளமும் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப்போட்டன. எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்தக் கூலிக்குப் போய்வருகிறவர்களுக்கும் வேலை நிரந்தரமன்று.

இப்படித் தொழில் நின்ற வீட்டில் ஆட்டிசப் பிள்ளை ஒன்று இருப்பதாக எண்ணிப் பாருங்கள். விடியலில் வாப்பா கரைக்குத் திரும்புவார், பையில் மீன் இருக்கும், அதே தட்டில் அதே மீன் வைத்து உம்மா சோறூட்டுவார் என்பது அந்தப் பிள்ளையின் உலகம். திடீரென்று வாப்பா பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார். மீன் இல்லை. பெரியவர்களின் குரல் உயர்கிறது. வேலை போனது என்ன என்பது பிள்ளைக்குத் தெரியாது. தன் உலகம் உடைந்தது மட்டும் தெரியும். அதனால் அது அலறுகிறது. தலையைச் சுவரில் மோதுகிறது. ஏற்கனவே நொந்திருக்கும் தந்தை, பிள்ளை தன்னைச் சோதிப்பதாக நினைத்துக் கையை ஓங்குகிறார். இந்த இடத்தில்தான் அறிவும் சபூரும் தேவைப்படுகின்றன.

இது என்ன நிலை?

ஆட்டிசம் என்பது நோயோ தொற்றோ அன்று. கருவிலிருந்தே மூளை வளரும் விதத்தில் உண்டாகும் வேறுபாடு. மதியிறுக்கம் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் இதை விளக்கி எழுதினார். உலகில் 127 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாக 2021ஆம் ஆண்டுக்கான கணக்கை உலக சுகாதார நிறுவனம் தருகிறது. சிலர் பேசுவதே இல்லை. சிலர் நன்றாகப் படித்து உத்தியோகம் பார்க்கிறார்கள். எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் விரலால் எதையும் சுட்டிக்காட்டாமை, வந்த பேச்சு நின்றுபோதல், கண் பார்த்துப் பழகாமை, மாற்றத்தைத் தாங்கமுடியாமை ஆகியவை கவனிக்கவேண்டிய அடையாளங்கள். இவற்றைக் கண்டால் முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துக்கொண்டு, பிறகு குழந்தை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

தாயின் அன்பு குறைந்ததால்தான் இப்படி ஆகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே எழுதினார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற அறிஞர், அவரும் இப்படிப்பட்ட ஒரு மகனின் தந்தைதான், அந்தக் கருத்தை மறுத்து நூல் எழுதினார். 1977இல் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு பிறப்புக் காரணத்தை உறுதிப்படுத்தியது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998இல் வெளியான கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவ ஏடே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே பெற்ற தாயைக் குறை சொல்வதும், இளைய பிள்ளைக்குத் தடுப்பூசி போடாமல் நிறுத்துவதும் இரண்டுமே தவறு.

இது பெற்றோர் செய்த பாவத்தின் தண்டனை என்று சொல்லும் நாவுகளுக்கும் ஒரு சொல். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருமறை பல இடங்களில் வலியுறுத்தும் கருத்து. ஐயூப் நபி (அலை) அவர்கள் செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தார்கள். அது தண்டனை என்று எந்த முஸ்லிம் சொல்வார்?

கட்டிவைப்பது மருத்துவமன்று

ஜின் பிடித்திருக்கிறது, பேய் பிடித்திருக்கிறது என்று பிள்ளையை ஊர் ஊராக இழுத்துச் செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தொழில் இல்லாத வீடு அதற்காகக் கடன் வாங்கவும் துணிகிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை நாம் மறக்கலாகாது. மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய சொந்த உறவினர்களே. குணமாகவேண்டும் என்ற ஆசையில்தான் விட்டார்கள்.

துஆ ஓதுவது நம் கடமை. பிள்ளையின் தலையில் கைவைத்து ஓதிப் பார்ப்பதில் தடையில்லை. ஆனால் துஆவின் பெயரால் சங்கிலி கூடாது, அடி கூடாது, பட்டினி கூடாது. மருந்து செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே நமக்கு ஏவியிருக்கிறார்கள்.

வேளைகளே வேலி

ஆட்டிசப் பிள்ளைக்கு ஒழுங்குமுறை மிக அவசியம். இன்ன நேரத்தில் இன்னது நடக்கும் என்பது தெரிந்தால் அதன் அச்சம் பாதி குறையும். நம் வீடுகளில் இதற்கு ஓர் அரிய வசதி இருக்கிறது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐவேளை பாங்கு நிற்பதில்லை. ஃபஜ்ருக்கு எழுதல், லுஹருக்குப் பின் சாப்பாடு, அஸருக்குப் பின் வெளியே நடத்தல், மஃரிபுக்கு விளக்கேற்றல், இஷாவுக்குப் பின் உறக்கம் என்று ஐந்து முளைகளை அடித்துவிட்டால், தொழில் போன நாட்களிலும் பிள்ளையின் நாள் சாயாது.

வேலையில்லாத தந்தை இந்நாட்களில் செய்யக்கூடிய வேலை இது. அவர் காலை நேரத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், இரவெல்லாம் விழித்த தாய்க்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். பனையோலை முடைதல் பழவேற்காட்டுப் பெண்களின் கைத்தொழில்களில் ஒன்று. தந்தை பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் தாயின் கைக்கும் நாலு காசு வரும். வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவி செய்வது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்க, நமக்கு அதில் என்ன கௌரவக் குறைவு?

ஒளுச் செய்வதைக் கை, வாய், மூக்கு, முகம் என்று ஒவ்வொரு படமாக வரைந்து குழாயடியில் ஒட்டிவையுங்கள். வாய்ச் சொல்லைவிடப் படம் இப்பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காத பிள்ளைக்குப் பாங்கு நேரத்தில் காதைத் துணியால் மூடிக் கொடுங்கள். அது பாங்கை அவமதிப்பது ஆகாது. ரமலானில் வீட்டின் வேளைகள் எல்லாம் மாறும். அப்போதும் அப்பிள்ளையின் சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். பெருநாள் புத்தாடை உடம்பை உறுத்தினால் பழைய மெல்லிய சட்டையே போதும். துவைத்து உடுத்தினால் அதுவும் பெருநாள் உடைதான்.

தொழில் போய்விட்டதையும் மறைக்காமல், அதற்குப் புரியும் விதத்தில் சொல்லுங்கள். 'இன்று படகு இல்லை. வாப்பா வீட்டில். சாப்பாடு உண்டு' என்ற மூன்று சொற்றொடர்களை ஒவ்வொரு நாளும் ஒரே குரலில் சொன்னால் போதும். மீன் இல்லாத நாளிலும் அதே தட்டு, அதே இடம் என்பதை மாற்றாதிருங்கள்.

ஏரிக்கரையின் பெரிய அபாயம்

ஏரிக்கரை வீடுகளுக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மீது தனி ஈர்ப்பு இருப்பதுண்டு. சொல்லாமல் வீட்டைவிட்டு நழுவிப்போகும் பழக்கமும் உண்டு. 2012இல் அமெரிக்காவில் 1,200க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் விசாரித்த ஆய்வில், நான்கு வயதுக்கு மேற்பட்ட இப்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஒருமுறையேனும் அப்படி நழுவ முயன்றவர்கள் என்று தெரிந்தது. 15 வயதுக்குட்பட்ட ஆட்டிசப் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் பொதுவான பிள்ளைகளைப்போல் 160 மடங்கு என்று 2017இல் அங்கு வெளியான மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. வாசலிலேயே ஏரியை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சும்மா இருக்கலாமா?

கதவின் மேற்புறம், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். கதவு திறந்தால் ஒலிக்கும்படி ஒரு மணி கட்டுங்கள். சட்டைக் காலரின் உள்ளே தொலைபேசி எண்ணைத் தைத்துவிடுங்கள். துறையில் வலை உலர்த்துகிறவர்கள், படகோட்டிகள், கடைக்காரர்கள் அனைவரிடமும் பிள்ளையைக் காட்டி, 'தனியாகக் கண்டால் பிடித்து நிறுத்துங்கள், பெயர் கேட்டால் சொல்லாது' என்று சொல்லிவையுங்கள். பிள்ளை காணாமற்போனால் சந்து பொந்துகளில் தேடுவதற்கு முன்பு தண்ணீர்க் கரைக்கு ஓடுங்கள். முடிந்தவரை நீந்தவும் மிதக்கவும் கற்றுக்கொடுங்கள். நீரிலேயே வளர்ந்த தந்தையைவிட நல்ல ஆசிரியர் யார்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பாரத்தைப் போடவேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியும் இதுதான்.

அறியவேண்டிய மஸ்அலாக்கள்

கேள்வி: இப்பிள்ளை பருவம் அடைந்தால் தொழுகை கடமையாகுமா?

விடை: உறங்குபவர், பருவமடையாத பிள்ளை, புத்தி தெளியாதவர் ஆகிய மூவரைவிட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்துள்ள ஹதீது பிரபலமானது. கடமைக்குப் புத்தியும் பருவமும் வேண்டும். ஆட்டிசம் என்ற பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமுடியாது. விளங்கிக்கொள்ளும் புத்தி உள்ளவருக்குக் கடமைதான். அவர் தம்மால் இயன்றபடி நிறைவேற்றவேண்டும். விளக்கம் இல்லாதவருக்குக் கடமையில்லை. மருத்துவரின் கருத்தை அறிந்து, பிள்ளையை நேரில் பார்த்து, தகுந்த ஆலிமே முடிவு சொல்லவேண்டும். ஏழு வயதில் தொழ ஏவவேண்டும் என்பதும் நன்மை தீமை பிரித்தறியும் பிள்ளைக்கு உரியது. விளங்காத பிள்ளையைத் தொழுகைக்காக அடிப்பதற்கு இதில் ஆதாரம் தேடக்கூடாது.

கேள்வி: பள்ளிவாசலுக்கு அழைத்து வரலாமா?

விடை: நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். பிள்ளையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள். ஆகவே சத்தம் போட்டது என்பதற்காகத் தந்தையையும் பிள்ளையையும் விரட்டுவது சுன்னத்தான பழக்கமன்று. பள்ளி அசுத்தமாகாதபடி பார்த்துக்கொள்வது தந்தையின் பொறுப்பு. முதலில் கூட்டம் குறைந்த வேளையில் அழைத்துவந்து, கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நிறுத்திப் பழக்குவது நல்லது.

கேள்வி: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஜும்ஆவுக்குப் போகமுடியவில்லை. குற்றமா?

விடை: கவனிக்க வேறு ஆளில்லாத நோயாளியைப் பராமரிப்பதை ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் தக்க காரணமாக ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. தனியே விட்டால் உயிருக்கு ஆபத்து உள்ள பிள்ளைக்கும் இது பொருந்தும். அவர் வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளவேண்டும். ஆனால் வாரந்தோறும் ஒருவருக்கு இந்நிலை இருக்க, ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்துத் தாய்மார் முன்வராமலிருப்பதுதான் யோசிக்கவேண்டியது.

கேள்வி: சொந்த வீடும் படகும் வலையும் உள்ளவர் ஜகாத்து வாங்கலாமா?

விடை: குடியிருக்கும் வீடும் தொழிற்கருவியும் ஒருவரை ஏழையல்லாதவர் ஆக்கிவிடாது. வருவாய் நின்று, குடும்பத்தின் தேவைக்குப் போதாமலிருந்தால் அவர் ஜகாத்துக்கு உரியவர். படகை விற்றுத் தின்ற பிறகுதான் வரவேண்டும் என்று சொல்வது, நாளைய பிழைப்பையும் அழிப்பதாகும். ஸூரத்துத் தவ்பாவில் கூறப்பட்டுள்ள எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர். அண்ணன் தம்பிக்கு ஜகாத்துக் கொடுக்கலாம். தம் பராமரிப்பில் உள்ள சொந்தப் பிள்ளைக்குத் தந்தை கொடுக்கமுடியாது.

கேள்வி: வளர்ந்த பிறகு அப்பிள்ளையின் செலவு யாரைச் சேர்ந்தது?

விடை: சம்பாதிக்க இயலாத, சொத்தும் இல்லாத பிள்ளையின் நஃபகா, அது வளர்ந்த பிறகும் தந்தையின் பொறுப்பே. வசதி குறைந்தவர் தமக்கு அல்லாஹ் கொடுத்த அளவிலிருந்து செலவு செய்தால் போதும் என்பது ஸூரத்துத் தலாக்கின் கருத்து. தந்தைக்கு இயலாதபோது பொறுப்பு நெருங்கிய உறவினர்மீது செல்லும். சொத்தைப் பொறுத்தவரை, வாரிசுரிமையில் இப்பிள்ளையின் பங்கு ஒரு காசும் குறையாது. 'அவனுக்கு எதற்கு?' என்று சொல்லி மற்றவர்கள் பிரித்துக்கொள்வது ஹராம். பொறுப்பாளர் ஒருவர் அதைப் பாதுகாத்து, அதிலிருந்து உணவும் உடையும் கொடுத்து, இனிய சொல் பேசவேண்டும் என்பது ஸூரத்துன் நிஸா காட்டும் வழி.

மற்றப் பிள்ளைகளின் ஹக்கு

தொழில் போன வீட்டில் முதலில் படிப்பு நிற்பது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைக்குத்தான். 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். தம்பிக்கு உதவுவது அவளுக்கு நன்மைதான். ஆனால் தம்பியே அவளுடைய வாழ்க்கையாகிவிடக்கூடாது. நாளை பெற்றோர் இல்லாத காலத்தில் அவனுக்குக் கைகொடுக்கப் போகிறவளும் அவளே. படித்தவளாக இருந்தால் அந்தக் கை பலமாயிருக்கும்.

கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள்

வறுமையில் பலர் அரசு உதவியைக் கேட்க வெட்கப்படுகிறார்கள். அது பிச்சையன்று, சட்டம் கொடுத்த உரிமை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைச் சேர்த்திருக்கின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. முதலில் மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் பெறுங்கள். மற்ற உதவிகளுக்கு அதுவே திறவுகோல். பராமரிப்பு உதவித்தொகை பற்றித் திருவள்ளூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 'நிராமயா' என்ற காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் பற்றிக் கேளுங்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இயங்கிவருகிறது. 18 வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனுச் செய்யவேண்டும்.

ஜமாஅத்தார் கவனத்திற்கு

புத்தியில் சிறிது கோளாறு உள்ள ஒரு பெண்மணி, தமக்கு ஒரு தேவை இருப்பதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அங்கேயே தாம் வருவதாகச் சொல்லி, அவருடைய தேவை முடியும்வரை அவர்கள் உடன் நின்றார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. சமுதாயத்தின் தலைவருக்கு எத்தனை வேலைகள் இருந்திருக்கும்! அவர்களைவிட நமக்கு வேலை அதிகமா?

பழவேற்காடானாலும் பாம்பனானாலும் நம் ஜமாஅத்தார் ஒவ்வொரு மஹல்லாவிலும் இப்படிப்பட்ட வீடுகள் எவை என்று அறிந்திருக்கவேண்டும். தடைக்காலத்திலும் மழைக்காலத்திலும் அவர்கள் கேட்குமுன் அரிசி போய்ச் சேரவேண்டும். வட்டிக்கடைக்குப் போகுமுன் பைத்துல்மாலிலிருந்து கைக்கடன் கிடைக்கவேண்டும். கடன் பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கவேண்டும் என்பது ஸூரத்துல் பகராவின் கட்டளை. மருத்துவமனைக்கு அழைத்துப்போகத் துணைக்கு ஓர் இளைஞர் வேண்டும். கல்யாண வீட்டில் அப்பிள்ளை சத்தமிட்டால் முகம் சுளிக்காத பத்துப் பேர் வேண்டும். இவற்றுள் சிலவற்றிற்குப் பணமே தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சுமக்கச் செய்வதில்லை என்பது திருமறையின் வாக்குறுதி. ஆனால் அச்சுமையை நீங்கள் தனியாகவே சுமக்கவேண்டும் என்பது அதன் பொருளன்று. உதவி கேளுங்கள். களைத்தால் உட்காருங்கள். கோபம் வந்தால் ஒளுச் செய்துகொண்டு, சிறிது நேரம் பிள்ளையை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு நகருங்கள். முகத்துவாரம் என்றைக்கும் மூடியே கிடப்பதில்லை. ரிஸ்கின் வாசலும் அப்படியே.

எல்லாம் வல்ல அல்லாஹ் இவ்வில்லங்களுக்கு ஹலாலான ரிஸ்கையும், பெற்றோருக்கு அழகிய சபூரையும், அப்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பையும், அவர்களைத் தாங்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.